படத்தின் ஓரத்தில் ஒரு கால்

ஜூன் 2, திங்கள்

சிமெண்டுக் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் பீரோவில் சும்மா கிடந்தது. மனைவி மரகதம் வரும்வரை வீட்டில் நடப்பதைக் குறித்து வைத்தால், வந்ததும் அவள் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும் என்று இன்று தொடங்குகிறேன்.

மரகதம் கோபியில் தன் தம்பி நாச்சிமுத்து வீட்டில் இருக்கிறாள். மார்ச் கடைசியில் அவளுக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு பிறந்த வீட்டில் கொஞ்ச நாள் ஓய்வெடுப்பது எல்லாரும் செய்வதுதான். மூன்று வாரம் என்று சொல்லிப் போனாள். சித்திரை போய்விட்டது. வைகாசியும் பாதிக்கு மேல் போய்விட்டது.

வீடு நன்றாக இருக்கிறது. ஹால் சுவர் மிக நன்றாக இருக்கிறது. புட்டி இரண்டு கோட், பிரைமர், அதற்கு மேல் ஐவரி நிறத்தில் எமல்ஷன் இரண்டு கோட். ஈரோட்டில் எங்கள் தெருவில் இப்படி ஒரு சுவர் வேறு வீட்டில் கிடையாது. பாலிடெக்னிக் சிவில் லேப்பில் கான்கிரீட் கட்டியை உடைத்துப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. சுவர் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. வீடு கட்டிய நாளிலிருந்து நான் ஓர் ஆணி அடித்ததில்லை, யாரையும் அடிக்க விட்டதுமில்லை. காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது.

மரகதம் ஹாலில் ஒரு சாமி படமாவது மாட்ட வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதோடு அது நின்றது.

காலை இட்லி. மாவு புளித்துப்போயிருந்தது.

ஜூன் 4, புதன்

காலை பதினொரு மணிக்கு கோபிக்குப் போன் செய்தேன். நாச்சிமுத்து எடுத்தான்.

"அக்கா தூங்குதுங்க மாமா."

மத்தியானம் செய்தேன். தூங்குகிறாள். சாயங்காலம் செய்தேன்.

"இப்பத்தானுங்க கோயிலுக்குப் போச்சு. வந்தா சொல்றனுங்க."

நல்ல ஓய்வு கிடைக்கிறது என்று தெரிகிறது.

ஜூன் 7, சனி

எதிர்வீட்டு காந்திமதி அம்மா பருப்புக் குழம்பு கொண்டுவந்தார். அவருக்குச் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பாத்திரத்தை நேராகச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கே கிடந்ததையெல்லாம் ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்.

"அண்ணா, உங்களுக்கு என்ன ராசி?"

சொன்னேன்.

"அதானே பார்த்தேன். ஏழரைச் சனி நடக்குதுண்ணா உங்களுக்கு. புருசன் பொண்டாட்டிய ஆளுக்கொரு பக்கம் ஒக்கார வெச்சிரும். நளன் கதைய சனிக்கிழமை சனிக்கிழமை படிங்க. நளனையே புடிச்சு ஆட்டின சனி, அந்தக் கதையக் கேட்டா ஒண்ணும் செய்யாது."

மரகதம் ஓய்வுக்குத்தான் போயிருக்கிறாள், இதில் சனிக்கு வேலையில்லை என்று விளக்கினேன். அவர் சரி சரி என்று தலையாட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை.

கதை படிக்கிற ஆள் இல்லை நான். ஆனால் சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விடும்போது ஒன்று தோன்றியது. நளன் படம் ஒன்று வாங்கி மாட்டினால் சனிக்கும் ஆயிற்று, படம் வேண்டும் என்ற மரகதத்துக்கும் ஆயிற்று. ஒரே செலவில் இரண்டு வேலை. குழம்பில் காரம் சற்று அதிகம்.

ஜூன் 8, ஞாயிறு

மகள் சௌமியா பெங்களூரில் இருந்து போன் செய்தாள். படம் வாங்கப்போகிறேன் என்றேன்.

"சுவத்துல மாட்டறதுக்காப்பா? நம்ம சுவத்துலயா?"

கண்ணாடி போட்ட படமெல்லாம் இப்போது யாரும் வாங்குவதில்லையாம். பழைய புராண ஓவியங்களை கேன்வாஸ் துணியில் அச்சடித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, வீட்டுக்கே அனுப்புகிறார்களாம். விலையும் மலிவு. எமல்ஷன் ஒரு வாளி வாங்குகிற காசில் நாலு படம் வாங்கலாம். எங்கே பார்ப்பது என்று போனில் அனுப்பிவைத்தாள். மத்தியானம் முழுக்க அதில்தான் போயிற்று.

வில்லை உடைக்கும் இராமன்: சாமான் உடைவதை ஹாலில் மாட்ட வேண்டியதில்லை. மனைவியை ஏலம் விடும் அரிச்சந்திரன்: வேண்டாம். விசுவாமித்திரரும் மேனகையும்: வீட்டுக்குப் பெரியவர்கள் வருவார்கள். தேரில் கிருஷ்ணனும் அர்ச்சுனனும்: நல்ல படம், வண்ணமும் பரவாயில்லை, ஆனால் பாரதப் போர் படத்தை வீட்டில் வைத்தால் சண்டை வரும் என்பார்கள். இப்போது சண்டை போட இங்கே ஆள் இல்லை. இருந்தாலும் வேண்டாம். அசோகவனத்தில் சீதை: அழுகிறாள்.

கடைசியில் கிடைத்தது. 'நளனும் தமயந்தியும் கானகத்தில்.' பெரிய மரத்தடியில் அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். பக்கத்தில் அவன் கையில் வாளோடு நிற்கிறான். விலங்கு ஏதும் வந்துவிடாமல் காவல். புருஷன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஆர்டர் போட்டுவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

படம் அச்சடிக்கிற இடத்திலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"சார், சட்டத்தோட பக்கவாட்டு எப்படி வேணும்? கறுப்பா விடவா, வெள்ளையா விடவா, இல்ல படத்தையே மடிச்சு ஒட்டிரவா?"

படத்தையே மடித்தால் எதுவும் வீணாகாது அல்லவா என்று கேட்டேன்.

"வீணாகாது சார். ஆனா ஓரத்துல இருக்கறது எல்லாம் பக்கவாட்டுக்குப் போயிரும். முன்னாடி நின்னு பார்த்தா தெரியாது. இந்தப் படத்துல வலது ஓரத்துல கொஞ்சம் இருக்கு சார். பரவால்லையா?"

"முக்கியமானவங்க நடுவுல இருக்காங்கல்ல?"

"இருக்காங்க சார்."

"அப்ப மடிச்சிருங்க."

ஜூன் 12, வியாழன்

ரசம் வைத்தேன். உப்புப் போடவில்லை என்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 14, சனி

சௌமியா போன். காலையிலேயே ஒரு மாதிரியான குரலில் இருந்தாள்.

"கோபிக்கு ஒருக்கா போய் அம்மாவப் பாத்துட்டு வாங்கப்பா."

நாளை மறுநாள் பாலிடெக்னிக் திறக்கிறது, லேப்பைச் சுத்தம் செய்ய வேண்டும், தவிர ஓய்வெடுக்கிற ஆளைப் போய்த் தொந்தரவு செய்வானேன் என்றேன்.

"அம்மா எதுக்கு அங்க இருக்காங்கன்னு உங்களுக்கு நெஜமாவே தெரியாதாப்பா?"

"ஓய்வுக்கு."

போனை வைத்துவிட்டாள். சிக்னல் போயிருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

படம் வந்துவிட்டது. நல்ல பேக்கிங். மூலைகளுக்கு அட்டை கொடுத்து, மேலே காற்றுக் குமிழி வைத்த பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தார்கள். பிரித்து வைத்துப் பார்த்தேன். இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்கள், சாயம் மங்கலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படியெல்லாம் இல்லை. மரத்தின் வேர்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. தமயந்தியின் முகத்தில் நிலா வெளிச்சம். நளன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கிறான். கழுத்துக்குக் கீழே உடம்பு கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தாற்போல இருக்கிறது. நின்று நின்று கால் வலித்திருக்கும்.

ஆணி இல்லாமல் மாட்ட ஒரு வழி ஏற்கனவே யோசித்து வைத்திருந்தேன். பின்பக்கம் பசை உள்ள பிளாஸ்டிக் கொக்கி கடையில் கிடைக்கிறது. சுவரைத் துடைத்து, கொக்கியை ஒட்டி, காத்திருந்து, படத்தை மாட்டினேன். சோபாவில் என் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எதிர்ச்சுவரில் கச்சிதமாக இருந்தது. மனத்துக்கு நிறைவாக இருந்தது. பக்கத்தில் சொல்வதற்கு ஆள் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

ஜூன் 18, புதன்

படம் விழுந்துவிட்டது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கொக்கியோடு உள்ளங்கை அகலத்துக்கு எமல்ஷன் உரிந்து வந்துவிட்டது. அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அழுகை வந்தது என்று எழுதினால் மிகை. வரவில்லை என்று எழுதினாலும் சரியாக இருக்காது.

நாலு கொக்கி வாங்கிவந்து மறுபடி மாட்டினேன். உரிந்த இடம் படத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

ஜூன் 19, வியாழன்

படத்தைப் போட்டோ எடுத்து மரகதத்தின் போனுக்கு அனுப்பினேன். முன்னால் நின்று, நேராக, நிழல் விழாமல் எடுத்தேன். பார்த்துவிட்டாள் என்று நீல அடையாளம் வந்தது. அவள் போனிலிருந்து எனக்கு ஒன்று வந்து இரண்டு மாதம் ஆகிறது. அதனால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன்.

வந்தது.

'ஆணி அடிச்சீங்களா?'

'இல்லை. பசைக் கொக்கி. சுவருக்குச் சேதமில்லை' என்று அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மறுபடி தூங்கப் போயிருப்பாள்.

ஜூன் 21, சனி

இன்று காந்திமதி அம்மா கீரைக் கூட்டு கொண்டுவந்தார். ஹாலில் படத்தைப் பார்த்து, "அட, சூப்பரா இருக்குதேண்ணா" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனார். பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பியவர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணா, இங்க வாங்க. இது விட்டுட்டுப் போறதுண்ணா!"

எனக்குப் புரியவில்லை. எழுந்து போனேன். சமையலறை வாசலில் அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன்.

அங்கிருந்து படத்தின் முன்பக்கம் சரியாகத் தெரிவதில்லை. பக்கவாட்டுச் சட்டம்தான் தெரிகிறது, மடித்து ஒட்டிய ஓரம். அந்த ஓரத்தில் நளனின் ஒரு கால் இருந்தது. குதிகால் மேலே தூக்கியிருந்தது. நடக்கிற கால். காலுக்கு மேலே அவனுடைய இன்னொரு கை, அதில் ஒரு துண்டுச் சேலை. வெட்டிய துணி என்று நுனியைப் பார்த்தாலே தெரிந்தது.

"எங்கூர்ல கூத்துல பார்த்திருக்கேன்ணா. நாடு போச்சு, காட்டுக்கு வந்தாச்சு, கட்டியிருந்த வேட்டியும் போச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே சேலை. அவ தூங்கறப்ப பாதிய வாளால அறுத்துக்கிட்டு இவன் கெளம்பிருவான். அவ முழிச்சுப் பார்த்தா பக்கத்துல யாரும் இல்ல. அந்த எடத்துல கூத்து பார்க்கற பொம்பளைங்க அத்தனை பேரும் அழுவாங்க."

வாள் காவலுக்கு இல்லையா என்று கேட்டேன்.

"சேலை அறுக்கண்ணா."

பிறகு அவசரமாக, முடிவில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள், சனிக்கு இது ஒன்றும் தோஷமில்லை என்று சமாதானம் சொன்னார். பாவம், என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கூட்டு நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

சோபாவில் என் இடத்திலிருந்து பார்த்தால் காவல் காக்கிறான். சமையலறை வாசலிலிருந்து பார்த்தால் விட்டுவிட்டுப் போகிறான். இரண்டு இடத்திலும் மாறி மாறி நின்று பார்த்தேன். அச்சில் தவறு ஒன்றும் இல்லை.

ஆபரேஷன் அன்று நடந்தது வேறு. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு குழப்பம் வரக்கூடாது. காலையில் மரகதத்தை உள்ளே கொண்டுபோகும்வரை கூடவே இருந்தேன். அவள் கம்மலையும் வளையலையும் கழற்றி என்னிடம்தான் கொடுத்தாள். முடிய நேரமாகும், அதற்குப் பிறகும் மயக்கம் தெளியக் காத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குத்தான் ஹாலில் இரண்டாவது கோட். பெயிண்டர் அந்த நாளை விட்டால் பங்குனி உத்திரம் முடிந்துதான் வருவேன் என்றிருந்தார். மயக்கத்தில் இருப்பவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது? அவள் வீட்டுக்கு வரும்போது சுவர் புதிதாக இருந்தால் நல்லதுதானே. அவளுக்காகத்தான் போனேன்.

போய்ப் பார்த்தால் ஐவரிக்குப் பதிலாக வேறு வெள்ளையைக் கலந்து வைத்திருந்தார்கள். நல்லவேளை போனேன். அதை மாற்றி வாங்கி, கூடவே நின்று அடிக்கச் சொல்லி முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மரகதம் அதற்குள் முழித்திருக்கிறாள். கூட வந்தவர் யார், கூட வந்தவர் யார் என்று நர்ஸ் வராந்தாவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். பக்கத்துக் கட்டில்காரியின் தங்கைதான் மரகதத்தின் வாயைத் தண்ணீரால் நனைத்துவிட்டாளாம். பெங்களூரிலிருந்து இரவு வந்த சௌமியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மரகதம் சுவர் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் உள்ளபடிதான் இருக்கிறது.

மத்தியானம் சோறு குழைந்துவிட்டது. சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன். அங்கிருந்து அந்தக் கால் தெரிகிறது.

ஜூன் 23, திங்கள்

லேப் இடைவேளையில் படம் அச்சடிக்கிற இடத்துக்குப் போன் செய்தேன். அதே பெண்.

"பக்கவாட்டக் கறுப்பா மாத்திக் குடுக்க முடியுமாம்மா?"

"முடியும் சார். பழசத் திருப்பி அனுப்பிருங்க, புதுசு போட்டுத் தர்றோம். ஆனா ஒண்ணு சார், கறுப்பாப் போட்டா ஓரத்துல இருக்கற அந்தக் கால வெட்டிரத்தான் வேணும். வெட்டினா வெளியத் தெரியாது. அவ்வளவுதான் சார். படம் அதே படம்தான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்று உடைத்துப் பார்த்த கான்கிரீட் கட்டிகள் எல்லாம் பலத்தில் தேறிவிட்டன.

ஜூன் 25, புதன்

நாச்சிமுத்து அவனாகவே போன் செய்தான். எப்போதும் நான்தான் செய்வேன்.

"மாமா, ஞாயித்துக்கெழம அக்காவக் கூட்டிட்டு வர்றனுங்க."

சந்தோஷம், கறி எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் தொண்டையைக் கனைத்தான்.

"இல்லீங்க மாமா. அக்காவுக்கு மிச்சம் இருக்கற சீலைத்துணி எல்லாம் எடுக்கோணுமாம். மாடி ரூம ஒழிச்சுக் குடுத்துட்டனுங்க. நானாச் சொல்லலீங்க, அதுதான் கேட்டுச்சு. நீங்க ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்

சாப்பிடவில்லை. பசி இல்லை.

அச்சடிக்கிற பெண்ணுக்குப் போன் செய்து, மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியே இருக்கட்டுமா சார்?"

"இருக்கட்டும்மா."

ஜூன் 27, வெள்ளி

சாயங்காலம் ஹார்டுவேர் கடையில் சுத்தியலும் ஒரு பொட்டலம் ஆணியும் வாங்கினேன். கடைக்காரர் என்னைத் தெரிந்தவர். "சாருங்களா? ஆணியா? யாருக்குங்க சார்?" என்றார். எங்களுக்குத்தான் என்றேன்.

கொக்கிகளைப் பிடுங்கியதில் இன்னும் கொஞ்சம் எமல்ஷன் வந்தது. முதல் ஆணி வளைந்துவிட்டது. இரண்டாவது எகிறிப் போய் சோபாவுக்கு அடியில் விழுந்தது. மூன்றாவது அடித்த இடத்தில் பூச்சு சில்லாகப் பெயர்ந்தது. கட்டியை எவ்வளவு பாரத்தில் உடைக்கலாம் என்று எனக்கு மனப்பாடம், சுவரில் ஓர் ஆணியை எப்படி இறக்குவது என்று இத்தனை வயதுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். சத்தம் கேட்டு காந்திமதி அம்மாவின் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். என்னையும் சுவரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒருவழியாக ஓர் ஆணி நின்றது. படத்தை மாட்டினேன். சுவரில் அம்மைத் தழும்பு போட்ட மாதிரி ஓட்டைகள். எல்லாம் படத்துக்குப் பின்னால் போய்விட்டன, ஒன்றிரண்டு தவிர. கட்டை விரல் நகம் கறுத்திருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தார்கள். மரகதம் இளைத்திருக்கிறாள். நாச்சிமுத்து கையில் ஒரு பெரிய துணிப்பை, மடித்து வைத்த காலிப் பை. அதை அவளிடம் கொடுத்துவிட்டு, கடைவீதி வரை போய் வருகிறேன் மாமா என்று நழுவினான்.

"வா" என்றேன். "வந்தனுங்க" என்றாள். ஹாலில் நின்று படத்தைப் பார்த்தாள். பீரோ சாவி கேட்பாள் என்று சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தேன். கேட்டால் கொடுக்கக்கூடாது என்றும் ஒரு யோசனை இருந்தது, அது எவ்வளவு மடத்தனம் என்றும் தெரிந்தது.

அவள் பீரோ பக்கம் போகவில்லை, பையை இடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மூடியைத் திறக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் வாசலில் நிற்கிறாள். படத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க. இது விட்டுட்டுப் போற படமுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சேவா வாங்குனீங்க?"

"வாங்கறப்பத் தெரியாது. ஆணி அடிக்கறப்பத் தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். என் விரலையும் பார்த்திருக்க வேண்டும்.

"உங்க எடத்துல உக்காந்தா அது தெரியாதுங்களே. அங்கிருந்து பாத்தா காவலுக்கு நிக்கறாப்பலதான இருக்கும்."

"இப்ப சமையக்கட்டுல நாந்தான நிக்கறேன் மரகதம். தெனமும் பாக்கறேன்."

நான் சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. பெயிண்டர், ஐவரி, டாக்டர் சொன்ன நேரம், எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. கிட்டே வந்து, படத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்துக் கொஞ்சம் தூக்கிப் பின்னால் இருந்த ஓட்டைகளைப் பார்த்தாள்.

"அய்யோ சாமி!"

பிறகு சிரித்தாள். சுவரில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். மற்ற நாளாக இருந்தால் சுவரில் கை வைக்காதே என்று சொல்லியிருப்பேன். "இருங்க, இருங்க, வவுறு இழுக்குது" என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டேன். அசையாமல் நின்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோபாவுக்கு வலப்பக்கம், சமையலறை வாசலை ஒட்டிய சுவரைக் காட்டினாள்.

"இத அங்க மாட்டுங்க."

"ஏன்? இங்கயே..."

"அங்க மாட்டுனா நீங்க உக்கார்ற எடத்துலிருந்து கால் தெரியுமுங்க. உங்குளுக்குத்தான் தெரியோணும். எனக்கு எதுக்கு? எனக்குத் தெரியாததா?"

அந்தச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. அதை நான் சொல்லத் தொடங்கியிருக்கலாம். சுத்தியலை எடுத்துவந்தேன். முதல் அடியிலேயே ஆணி நழுவியது.

"குடுங்க, நான் புடிச்சுக்கறேன். நீங்க பாத்து அடிங்க."

இரண்டு விரலால் ஆணியைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். சுத்தியலுக்கும் சுவருக்கும் நடுவில் அவள் விரல். எதிர்ச்சுவர் இருந்த லட்சணத்தை இப்போதுதான் பார்த்தாள், பார்த்த பிறகும் பிடித்துக்கொண்டாள். நகர வேண்டாம், நகர வேண்டாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு அடித்தேன். மெதுவாக, கண்ணை எடுக்காமல். ஆணி இறங்கியது. அவள் விரலில் படவில்லை.

நாச்சிமுத்து பழப்பையோடு வந்து வாசலில் நின்றான். படம் இடம் மாறியிருப்பதைப் பார்த்தான்.

"போலாமுங்களா அக்கா?"

"நீ போ. நான் பொறவு சொல்றேன்."

"எப்பன்னுங்க அக்கா?"

"பொறவுன்னு சொன்னனல்லோ."

ஜூன் 30, திங்கள்

மாவு புளிக்கவில்லை. அவள் அரைக்கச் சொன்ன பதத்தில் நான் அரைத்தேன், குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சோபாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வலப்பக்கம் திரும்பினால் அந்தக் கால் தெரிகிறது. எத்தனை நாள் இருப்பாய், எப்போது கோபிக்குப் போகிறாய் என்று எதையும் அவளிடம் கேட்கவில்லை. பீரோ திறக்கப்படவில்லை.

எதிர்ச்சுவரில் பழைய ஆணி அப்படியே நிற்கிறது. மரகதம் தான் கொண்டுவந்த காலிப் பையை அதில் மாட்டியிருக்கிறாள். இரண்டு கோட் புட்டி போட்டு, ஐவரி அடித்த சுவரில், நட்டநடுவில் ஒரு துணிப்பை தொங்குவது பார்ப்பதற்கு நன்றாகவே இல்லை. எடுக்கச் சொல்லவில்லை.